தண்டனைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்

சயான்–டிராம்பே சாலையில் செம்பூரைத் தாண்டி மான்கூர்ட் பக்கம் போனால் கடற்படையின் மதில் ஒன்று வரும். உள்ளே 'கமோடோர், பியூரோ ஆஃப் செயிலர்ஸ்' என்ற அலுவலகம். கொச்சியில் இருக்கும் மாலுமிக்குப் பதவி உயர்வு வந்தாலும், விசாகப்பட்டினத்தில் இருப்பவருக்குப் பதக்கம் வந்தாலும், வீட்டில் பிள்ளை பிறந்தாலும், பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அவருடைய ஜாதகத்தை, அதாவது பணி ஏட்டை, திருத்துகிற இடம் இதுதான். கடிதம் போடுவதென்றால் 'சீத்தா கேம்ப், மான்கூர்ட், மும்பை 400 088' என்று எழுத வேண்டும்.

மதிலுக்கு வெளியே நிஜமான சீத்தா கேம்ப். 1976-ல், நெருக்கடி நிலை ஜோராக நடந்த காலத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியைக் காலி செய்து, அங்கிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கொண்டுவந்து கொட்டிய இடம். தமிழர்கள் ஏராளம். காலனியைக் காப்பாற்றப் போராடியவர் கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம். அவரைப் போலீஸ் பலமுறை உள்ளே வைத்தது. 2011-ல் அதே இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. முதலில் அடி, பிறகு விருது. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மதிலுக்கு உள்ளேயும் இதே வரிசைதான்.

இந்த நாட்டில் விருது வாங்க மூன்று படிகள் உண்டு. முதல் படி, அரசிடம் அடி வாங்க வேண்டும். இரண்டாம் படி, அடி வாங்கியதற்கு ரசீது வாங்க வேண்டும். மூன்றாம் படி, அரசு மனம் மாறும்வரை ரசீதோடும் உயிரோடும் இருக்க வேண்டும். வீரம், தியாகம் எல்லாம் இதற்குப் பிறகு. இதை நமக்குத் திருத்தமாகக் கற்றுக்கொடுத்தவர்கள் 1946-ல் பம்பாயில் கலகம் செய்த ராயல் இந்தியன் நேவி மாலுமிகள்.

கதை கொலாபாவில் தொடங்குகிறது. 'எச்.எம்.ஐ.எஸ். தல்வார்' என்று அங்கே ஒன்று இருந்தது. பெயரைக் கேட்டால் பீரங்கிக் கப்பல் என்று தோன்றும். உண்மையில் அது தரையில் கட்டிய சிக்னல் பயிற்சிப் பள்ளி. வெள்ளைக்காரன் கடற்படையில் கட்டடத்துக்கும் கப்பல் பெயர்தான். அதில் இருந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். தந்தி அனுப்பவும் வாங்கவும் கற்ற, ஆங்கிலம் படித்த பையன்கள். உலகத்தில் எங்கே என்ன நடக்கிறது என்பது அதிகாரிகளுக்கு முன்னால் இவர்கள் காதுக்கு வந்துவிடும். இப்படிப்பட்டவர்களுக்குக் கல் கலந்த சோறு போட்டது பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் செய்த தவறுகளில் மிகவும் மலிவானது.

1945 டிசம்பர் 1, கடற்படை நாள். ஊர் மக்களை உள்ளே அழைத்துப் பெருமை காட்டுவதற்காகத் தல்வாரை மெழுகித் துடைத்து வைத்திருந்தார்கள். விடிந்து பார்த்தால் அணிவகுப்பு மைதானமெங்கும் எரிந்த தோரணம். சுவரெங்கும் 'வெள்ளையனே வெளியேறு' வகையறா வாசகங்கள். கொடி பறக்க வேண்டிய கம்பத்தின் உச்சியில் துடைப்பமும் வாளியும். விருந்தினர்கள் வருவதற்குள் அதே துடைப்பத்தை இறக்கித்தான் அந்த இடத்தைப் பெருக்கியிருக்க வேண்டும்.

செய்தவர்களில் முக்கியமானவர் பாலாய் சந்த் தத் என்ற வங்காளி, தந்திக்காரர், போரில் பணியாற்றியவர். 1946 பிப்ரவரித் தொடக்கத்தில், தலைமைத் தளபதி ஆக்கின்லெக் வருகிறார் என்று ஏற்பாடு நடந்தபோது, மேடையிலேயே அதே மாதிரி வாசகங்களை எழுதிவைத்து மாட்டிக்கொண்டார். எப்படி மாட்டினார் தெரியுமா? கையில் பசை. சாம்ராஜ்யத்தையே கவிழ்க்கக் கிளம்பிய மனிதர் கை கழுவ மறந்துவிட்டார். அவர் பெட்டியைக் குடைந்தபோது துண்டுப் பிரசுரங்களும் கிடைத்தன. வரலாற்றில் அவர் இடம் உறுதியானது அந்தப் பசையால்தான். அன்று மாட்டியிருக்காவிட்டால் அவர் பெயர் எந்தத் தாளிலும் ஏறியிருக்காது. முதல் படி, இரண்டாம் படி இரண்டும் ஒரே நாளில் முடிந்தன.

தல்வாரின் தலைவர் கமாண்டர் கிங். மாலுமிகளைத் திட்டுவதில் அவருக்கு ஒரு தனிக் கலை இருந்தது. திட்டு அவர்களை விட்டுவிட்டு நேராகப் பெற்றோரிடம் போகும். ஒரே மூச்சில் அவர்களுடைய பிறப்புக்கு நாயையும் கூலியையும் காட்டுவாசியையும் பொறுப்பாக்கினார். மாலுமிகள் புகார் எழுதினார்கள். சேர்ந்து எழுதினால் கலகம் என்பது விதி. ஆகவே ஒழுங்காகத் தனித்தனித் தாளில் தனித்தனியாக எழுதினார்கள். புகாரை விசாரிக்கும் பொறுப்பு யாரிடம் போனது? கிங்கிடம். பொய்ப் புகார் பெருங்குற்றம் என்பதை நினைவூட்டி, யோசித்துப் பாருங்கள் என்று அவகாசம் கொடுத்தார். அவர்களும் யோசித்துப் பார்த்தார்கள்.

பிப்ரவரி 18 காலை, தல்வாரின் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு அப்படியே இருந்தது. சோறு நன்றாக இல்லை, ஆகவே வேலை இல்லை. உலகப் போரில் ஹிட்லரைத் தோற்கடித்த படை பருப்பில் சிக்கிக்கொண்டது. அன்று மாலைக்குள் ஒரு நல்ல சமையற்காரரை அனுப்பியிருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. அனுப்பவில்லை. மறுநாள் துறைமுகத்துக் கப்பல்களும் காஸில் பாரக்ஸ் என்ற கடற்படை முகாமும் சேர்ந்துகொண்டன. பிறகு கராச்சி, சென்னை, கல்கத்தா, விசாகப்பட்டினம். மொத்தம் 78 கப்பல்கள், 20 கரைத்தளங்கள், சுமார் 20,000 மாலுமிகள் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு.

பிரிட்டிஷ் கொடி இறங்கியது. அதன் இடத்தில் காங்கிரஸின் மூவர்ணம், முஸ்லிம் லீகின் பச்சை, கம்யூனிஸ்டுகளின் சிவப்பு மூன்றும் ஏறின. மூன்று கட்சித் தலைவர்களையும் ஒரே மேசையில் உட்காரவைக்க டெல்லியில் ஒருவராலும் முடியாத காலம் அது. ஒரே கயிற்றில் கட்டிவிட்டார்கள் பையன்கள். எம்.எஸ். கான் தலைவர், மதன் சிங் துணைத் தலைவர் என்று வேலைநிறுத்தக் குழு அமைந்தது. படைக்கு 'இந்திய தேசியக் கடற்படை' என்று புதுப் பெயர். கோரிக்கைப் பட்டியலில் நல்ல சாப்பாடு, வெள்ளை மாலுமிக்கு ஈடான சம்பளம், கிங்கின் மேல் நடவடிக்கை, நேதாஜியின் ஐ.என்.ஏ. வீரர்களின் விடுதலை, இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் படைகளைத் திரும்ப அழைத்தல் எல்லாம் இருந்தன. பருப்பில் ஆரம்பித்து இந்தோனேசியாவில் முடிந்த கோரிக்கைப் பட்டியல் உலகத் தொழிற்சங்க வரலாற்றில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

எதிர்த் தரப்பில் நின்றவர் கடற்படைத் தலைவர் வைஸ் அட்மிரல் ஜான் காட்ஃப்ரே. சாதாரண ஆள் இல்லை. போர்க்காலத்தில் லண்டனில் கடற்படை உளவுத்துறையை நடத்தியவர். அப்போது அவருக்கு உதவியாளராக இருந்த இயான் ஃப்ளெமிங் பிறகு ஜேம்ஸ் பாண்ட் கதைகள் எழுதினார். பாண்டின் மேலதிகாரியாக வரும் 'எம்' இவரைப் பார்த்து வார்த்த பாத்திரம் என்பார்கள். ஜெர்மனியின் ரகசியம் அத்தனையும் அறிந்த 'எம்'முக்குக் கொலாபாவில் பருப்பு வேகவில்லை என்ற தகவல் எட்டவில்லை. பிப்ரவரி 21-ஆம் தேதி வானொலியில் பேசினார். பணியாவிட்டால் முழுப் பலத்தையும் பயன்படுத்துவோம், நாம் பெருமைப்படும் இந்தக் கடற்படையே அழிந்தாலும் சரி என்பது பேச்சின் சாரம். சொந்தக் கடற்படையை மூழ்கடிப்பேன் என்று மிரட்டிய அட்மிரல்கள் அதிகம் இல்லை.

ஊர் யார் பக்கம் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. கேட்வே ஆஃப் இந்தியாவில் ஜனங்கள் கூடை கூடையாகச் சாப்பாடு கொண்டுவந்து மாலுமிகளுக்குக் கொடுத்தார்கள். சோற்றுக்காகத் தொடங்கிய சண்டையில், சோற்றுக் கோரிக்கை மட்டும் பம்பாய் மக்களால் உடனே நிறைவேறியது. 22-ஆம் தேதி நகரம் ஸ்தம்பித்தது. மில்கள் நின்றன. துருப்புகள் வீதியில் சுட்டார்கள். இரண்டு நாளில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் மில் தொழிலாளர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், பிள்ளைகள். அவர்களுக்கு எந்தப் படையிலும் பதிவு எண் கிடையாது. எந்த ரசீதும் கிடையாது. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

அடுத்த காட்சியில் தலைவர்கள் வருகிறார்கள். காங்கிரஸும் லீகும் எதிலும் ஒத்துப்போகாத வருஷம் 1946. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள்: பையன்கள் சரணடைய வேண்டும். சர்தார் படேல் பம்பாய்க்கு வந்து பேசினார். படையின் ஒழுங்கில் கைவைக்கக் கூடாது, நாளைக்குச் சுதந்திர இந்தியாவுக்கும் ஒரு படை வேண்டுமே என்பது அவர் வாதம். நாளைக்கு வீட்டுக்காரர் ஆகப்போகிறவர் இன்றைக்கே வாடகைக்காரர்களைக் கண்டிக்கும் நியாயம் இது. பழிவாங்கல் இருக்காது என்று நம்பிக்கை தரப்பட்டது. 23-ஆம் தேதி காலை கப்பல்களில் கறுப்புக் கொடி ஏறியது. ஐந்து நாள் கடற்படை அத்துடன் முடிந்தது.

பழிவாங்கல் உடனே ஆரம்பித்தது. முன்னின்றவர்களைப் பிடித்து முலுண்டு முகாமில் அடைத்தார்கள். 476 பேர் படையிலிருந்து நீக்கப்பட்டார்கள். முறைப்படி ஒரு விசாரணைக் கமிஷனும் வைத்தார்கள். தலைவர் சர் சையத் ஃபசல் அலி. உறுப்பினர்களில் நம் பக்கத்தவர் ஒருவரும் உண்டு: கொச்சி சமஸ்தானத்தின் தலைமை நீதிபதி கே.எஸ். கிருஷ்ணசுவாமி அய்யங்கார். சாப்பாடு எப்படி இருந்தது, சம்பளம் எவ்வளவு, யார் யாரை என்னவென்று திட்டினார் என்று ஒன்று விடாமல் கமிஷன் கேட்டது. மெத்தப் படித்த நீதிபதிகள் உட்கார்ந்து சோற்றில் கல் இருந்ததா என்று சாட்சியம் பதிவு செய்தார்கள். இருந்தது என்று தெரிந்தது. வேலை போனவர்களுக்கு வேலை திரும்ப வரவில்லை.

1947 ஆகஸ்ட் 15 வந்தது. இனி என்ன, வெள்ளைக்காரனை எதிர்த்த பையன்களைக் கூப்பிட்டு மாலை போட்டுக் கப்பலில் ஏற்றியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இந்தியக் கடற்படையும் எடுக்கவில்லை, பாகிஸ்தான் கடற்படையும் எடுக்கவில்லை. கப்பல், பீரங்கி, தட்டு, கரண்டி எல்லாவற்றையும் சண்டை போட்டுப் பங்கு பிரித்த இரு நாடுகளும் இந்த 476 பேரில் பங்கு வேண்டாம் என்றன. எஜமான் மாறலாம், எஜமானிடம் முறைத்த வேலைக்காரனை மட்டும் புது எஜமானுக்கும் பிடிக்காது. தத் பத்திரிகைக்குப் போனார். எஸ். சதானந்த் என்ற தமிழர் பம்பாயில் நடத்திய 'ஃப்ரீ பிரஸ் ஜர்னல்' அவருக்கு வேலை கொடுத்தது. மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். கையில் ஒரு தாள். 'இவனை வேலைக்கு வைத்துக்கொள்ளாதே' என்பதைக் கண்ணியமான ஆங்கிலத்தில் சொல்லும் தாள்.

இருபத்தைந்து வருஷம் கழித்து அரசுக்கு ஞாபகம் வந்தது. 1972, சுதந்திர வெள்ளிவிழா. தியாகிகளுக்குத் தாமிரப் பட்டயம். மாதம் 200 ரூபாய் ஓய்வூதியம். அங்கீகரித்த இயக்கங்களின் பட்டியலில் 1946 கடற்படை எழுச்சிக்கும் இடம் கிடைத்தது. ஆக, ராஜதுரோகம் ராஜசேவை ஆயிற்று. ஆனால் ஒரு நிபந்தனை: வருஷ வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் சம்பாதித்தவர் செய்தது தியாகமில்லை போலும். 1980-ல்தான் அந்த வரம்பை எடுத்துவிட்டு, திட்டத்துக்கு 'ஸ்வதந்திரதா சைனிக் சம்மான்' என்று கௌரவமான பெயரும் வைத்தார்கள்.

யார் தியாகி என்று தீர்மானிக்க அந்தத் திட்டம் வைத்திருக்கும் அளவுகோலைப் படித்தால் வாய்விட்டுச் சிரிக்கலாம். சிறை என்றால் குறைந்தது ஆறு மாதம். ஐந்து மாதம் இருபத்தொன்பது நாள் இருந்தவர் தேசத்தைக் கொஞ்சம் குறைவாக நேசித்தவர். அரசு வேலை போயிருந்தால் கணக்கில் உண்டு. கசையடி பட்டிருந்தாலும் உண்டு. ஆனால் பத்து அடி. ஒன்பதோடு கை வலித்து நிறுத்திய வெள்ளைக்காரச் சிப்பாய், தனக்கே தெரியாமல் ஒரு தியாகியின் ஓய்வூதியத்தைப் பறித்துவிட்டான். அடி வாங்கும்போதே எண்ணிக்கொண்டு, 'ஐயா, இன்னும் ஒன்று பாக்கி' என்று கேட்கும் சமயோசிதம் நம் முன்னோர்களுக்கு இல்லாமல் போயிற்று.

அடியை விட ஆதாரம் கடினம். இப்படி ஒரு கவுண்டரைக் கற்பனை செய்து பாருங்கள். இந்தப் பக்கம் முன்னாள் மாலுமி, அந்தப் பக்கம் இளைய குமாஸ்தா.

"தாத்தா, நீங்க கலகம் பண்ணினதுக்கு என்ன ஆதாரம்?"

"வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க, தம்பி."

"தூக்கினதுக்கு ஆதாரம்?"

"ஒரு தாள் கொடுத்தாங்க. அதைக் காட்டினா ஒருத்தனும் வேலை தரலை. கிழிச்சுப் போட்டுட்டேன்."

"அப்ப நீங்க கலகம் பண்ணலைன்னு ஆகுதே?"

"பண்ணினேன்னு சொல்லித்தானே அன்னைக்கு வெளியே தள்ளினாங்க?"

"அது வேற சர்க்கார், தாத்தா. ஜெராக்ஸ் இருக்கா?"

இதுதான் விஷயத்தின் மர்மஸ்தானம். அவமானத்துக்கு அஞ்சித் தண்டனைச் சீட்டைக் கிழித்தவர் நிரபராதி. நிரபராதிக்கு ஓய்வூதியம் கிடையாது. வெட்கமே இல்லாமல் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்தவர் வீரர். வேலைநிறுத்தத்தில் முழுசாகப் பங்கெடுத்து, சாமர்த்தியமாகத் தப்பித்து, நல்ல பெயரோடு ஓய்வு பெற்றவர் கதி இன்னும் மோசம். அவர் ஏட்டில் கறையே இல்லை. கறையில்லாத ஏட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆவணம் இல்லாதவர்களுக்கும் அரசு ஒரு வழி வைத்திருக்கிறது. ஆவணம் இல்லை என்பதற்கு ஓர் ஆவணம் வாங்கி வர வேண்டும். நான் கேலிக்காகச் சொல்லவில்லை; 'ஆவணம் கிடைக்காமைச் சான்றிதழ்' என்று நிஜமாகவே ஒன்று உண்டு. மாநில அரசு தேடிப் பார்த்துவிட்டு, எங்களிடம் ஒன்றுமில்லை என்று முத்திரை குத்தித் தர வேண்டும். அதோடு, கூடவே சிறையில் இருந்தவர்களின் சான்று. எண்பது வயசுக்காரர் இன்னோர் எண்பது வயசுக்காரரைத் தேடிப் போய், 'நாம் இரண்டு பேரும் ஒன்றாகக் கம்பி எண்ணினோமே, நினைவிருக்கிறதா?' என்று கேட்க வேண்டும். அவருக்கு நினைவிருக்கவும் வேண்டும், கையெழுத்துப் போடக் கை நடுங்காமல் இருக்கவும் வேண்டும். 2001-ல் குர்தயாள் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கொலை வழக்கை நிரூபிப்பதுபோல் தியாகத்தை நிரூபிக்கச் சொல்லாதீர்கள், நடந்திருக்க வாய்ப்புண்டா என்று பாருங்கள் என்று அதிகாரிகளுக்குப் புத்தி சொல்ல வேண்டியிருந்தது.

உண்மையான ஆளுக்குத் தாள் இல்லை என்றால், தாள் உள்ள பொய்யான ஆள் இருக்க வேண்டுமே? இருந்தார்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் போலித் தியாகிகள் என்று எழுந்த புகார் உச்ச நீதிமன்றம் வரை போய் 2005-ல் தீர்ப்பானது. போராட்டம் நடந்தபோது பால் மணம் மாறாத குழந்தைகளாக இருந்தவர்கள்கூடப் பட்டியலில் இருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர்களுடைய கோப்புகள் எப்படி இருந்திருக்கும்? சான்றிதழ், சாட்சி, முத்திரை எல்லாம் கச்சிதமாக இருந்திருக்கும். பொய் சொல்கிறவன் ஒரு காகிதத்தையும் தொலைக்க மாட்டான்.

நம்மை மட்டும் குறை சொல்ல வேண்டாம். சேவையை மறப்பதும் சாவகாசமாக நினைப்பதும் உலக வழக்கம். 1803 செப்டம்பரில், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில் இருக்கும் அசாயேயில் மதராஸ் படைச் சிப்பாய்கள் மராட்டியர்களோடு மோதினார்கள். தாராவியில் தோல் பதனிட நம் ஆட்கள் ரயிலேறுவதற்கு வெகு காலம் முன்பே அவர்கள் துப்பாக்கி தூக்கி நடந்தே வந்து சேர்ந்திருந்தார்கள். அந்தப் போருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி பதக்கம் அறிவித்தது 1851-ல். நாற்பத்தெட்டு வருஷம் கழித்து! 1803 முதல் 1826 வரை நடந்த போர்கள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே 'ஆர்மி ஆஃப் இந்தியா' பதக்கம். உயிரோடு இருப்பவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம். இருபது வயசில் அசாயேயில் நின்றவருக்கு அப்போது அறுபத்தெட்டு. ஏறக்குறைய 4,500 பதக்கங்களோடு கம்பெனியின் செலவு முடிந்துவிட்டது. வியாபாரிகள் அல்லவா!

பிரிட்டன் தன் பிள்ளைகளுக்கும் இதைத்தான் செய்தது. உலகப் போரில் பனிக்கடல் வழியே ரஷ்யாவுக்குச் சரக்குக் கப்பல்களைக் கொண்டுபோனவர்களுக்கான 'ஆர்க்டிக் ஸ்டார்' 2013-ல்தான் கைக்கு வந்தது. வாங்கியவர்களில் பலர் சக்கர நாற்காலியில் வந்தார்கள். அமெரிக்காவில் நிலைமை வேறு மாதிரி. அங்கே ஒவ்வொரு முன்னாள் வீரரும் தன் ஏட்டைத் திருத்தச் சொல்லி எம்.பி.யைப் பிடிக்க, எம்.பி.க்கள் தனித்தனி மசோதா கொண்டுவந்து அலுத்துப்போய், 1946-ல் அந்த வேலைக்கென்றே திருத்த வாரியங்கள் அமைய வழிசெய்து சட்டம் இயற்றினார்கள். நம் பையன்கள் தட்டைத் தள்ளிய அதே வருஷம்! ஆனால் 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரத்து ஆவணக் கட்டடம் பற்றி எரிந்ததில் 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவக் கோப்புகள் சாம்பலாயின. வாரியம் இருக்கிறது, ஏடு இல்லை. நம் ஊரில் ஏடு எங்கோ இருக்கிறது, தேட ஆள் இல்லை.

இந்தக் கதையில் மிகவும் பாவப்பட்ட விண்ணப்பதாரர் யார் தெரியுமா? அட்மிரல் காட்ஃப்ரே. மூன்று வருஷத்துக்கு மேல் பிரிட்டனின் கடற்படை உளவை நடத்தியும், அவர் பதவியில் இருந்த மற்றவர்களுக்கெல்லாம் பட்டம் வந்தும், போர்க்காலச் சேவைக்கு அவருக்கு மட்டும் ஒன்றும் தரவில்லை. கலகம் செய்தவனுக்கும் பதக்கம் இல்லை, அடக்கியவருக்கும் இல்லை. ஒருவர் அமர பாத்திரமாக நாவலில் வாழ்கிறார்; மற்றவர்கள் மனு எழுதினார்கள்.

தத்துக்கும் மதன் சிங்குக்கும் கடற்படை கடைசியில் மரியாதை செய்தது. எப்படி? இரண்டு இழுவைப் படகுகளுக்கு அவர்கள் பெயரை வைத்தது. கப்பல்களை நகரவிடாமல் நிறுத்திய ஆட்களின் பெயர், கப்பல்களைத் தள்ளி நகர்த்தும் படகுகளுக்கு. பெயர் வைத்த அதிகாரிக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததா, அல்லது அது கடற்படை நிர்வாகத்தின் இயல்பா என்று சொல்ல முடியாது. தென் மும்பையில் கூப்பரேஜ் பக்கம் எழுச்சிக்கு ஒரு நினைவுச் சிலையும் உண்டு. 2022 குடியரசு நாள் அணிவகுப்பில் கடற்படையின் அலங்கார ஊர்தி 1946 கலகத்தையே காட்டியது. எந்தப் படை அவர்களை வெளியே தள்ளியதோ அதே படை, நடிகர்களை வைத்து அந்தக் கலகத்தை நடித்துக் காட்ட, அரசாங்கமே கைதட்டியது. ஒத்திகையில் யாரும் சோற்றைப் பற்றிப் புகார் சொன்னார்களா என்று கேட்டு வைத்திருக்கலாம்.

சரி, இவ்வளவு கதையும் எதற்கு? செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் முன்னாள் ராணுவத்தார் வீடுகள் நிறைய இருக்கின்றன. 1965-ல் 'சமர் சேவா ஸ்டார்', 1971-ல் 'பூர்வி ஸ்டார்', 'பச்சிமி ஸ்டார்', 'சங்கிராம் மெடல்', 1972-ல் வெள்ளிவிழாப் பதக்கம் என்று வாங்க வேண்டியதை வாங்காமலே, ஏட்டில் ஏற்றாமலே ஓய்வு பெற்றவர்கள் உண்டு. யூனிட் மாறியபோது குமாஸ்தா எழுத மறந்திருப்பார். எழுதிய தாள் பதிவு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. தரைப்படையில் அந்தத் தாளுக்குப் 'பார்ட் டூ ஆர்டர்' என்று பெயர், கடற்படையில் 'ஜென்ஃபார்ம்'. அது வெளியாகவில்லை என்றால், அரசுக் கணக்கில் நீங்கள் அந்தப் போருக்கே போகவில்லை. வீர விருது என்றால் மாதப் படியும் உண்டு; ஆகவே விட்டுத்தொலை என்று இருந்துவிட முடியாது.

ஆகவே தாத்தாவின் டிரங்குப் பெட்டியை இந்த ஞாயிற்றுக்கிழமை திறந்து பாருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, பழைய யூனிட் கடிதம், இடமாற்ற உத்தரவு, ஏன், சம்பளத்தில் அபராதம் பிடித்த சீட்டு, காவலில் வைத்த குறிப்பு எது கிடைத்தாலும் தூக்கிப் போடாதீர்கள். எந்தத் தேதியில் எந்த இடத்தில் இருந்தார் என்பதற்குத் தண்டனைச் சீட்டைவிட நல்ல சாட்சி கிடையாது. புகழ்ந்து எழுதும்போது சோம்பல்படும் ராணுவம், தண்டித்து எழுதும்போது தேதி, நேரம், இடம் எதையும் விடாது. நகல் எடுத்து, பணி எண்ணையும் பெயரையும் தெளிவாக எழுதி, மாவட்ட சைனிக நல அலுவலகத்தில் கொடுங்கள். அவர்கள் மூலமாகவோ நேராகவோ பதிவு அலுவலகத்துக்கு மனு போகலாம்: மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், மதராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, கடற்படை மாலுமி என்றால் நம் மான்கூர்ட். ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அனுப்பிய ரசீதை, தயவு செய்து, அதே பெட்டியில் வையுங்கள்.